அமாவாசையன்று பட்ட அடி

மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளில் அமாவாசையன்று உளியைத் தொடமாட்டோம். தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் அமாவாசைக்குத் தொட்டோம். ஓட்டல் வாசலுக்குப் போகவேண்டிய யானைச் சிலை முடியவில்லை. முதலாளி கல்லின் முன்னால் கற்பூரம் ஏற்றி, "இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ சாமி, ஆர்டர் அவசரம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பதினொரு மணி வாக்கில், நான் பிடித்திருந்த கல் அறுக்கும் மிஷினின் சக்கரம் உடைந்து, இடக்கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப்போனவன் என் மச்சினன். அவனும் அதே பட்டறையில்தான் வேலை பார்த்தான். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டதற்கு, "வூட்ல கட்டை அறுத்துகினு இருந்தாரு" என்றான். அமாவாசையில் வேலை செய்தோம் என்று வெளியே சொல்ல எங்களுக்கு வெட்கம். நானும் தலையாட்டினேன். வலியில் ஆட்டினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், இது சாமி குத்தம் என்று நானே நம்பினேன். வீட்டில் நடந்த விபத்து என்று சீட்டில் ஏறிவிட்டது.

கட்டு அவிழ்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. உளி பிடிக்கிற கை போய்விட்டது. வீட்டில் படிக்கிற இரண்டு பெண்கள். நஷ்டஈடு கேட்டுப் போனால் முதலாளி, "ரெஜிஸ்டர்ல அன்னிக்கு லீவுப்பா, நான் இன்னா பண்றது?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொல்வது சரிதானோ என்ற சந்தேகமும் கூடவே வந்தது. லீவு நாளில் வேலை செய்தவனுக்கு, அதிலும் ஆஸ்பத்திரியில் பொய் சொன்னவனுக்கு, எந்தச் சட்டம் கைகொடுக்கும்?

இருந்தாலும் மனு போட்டேன். விசாரணைக்கு மச்சினனும் முதலாளியும் வந்திருந்தார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் இருந்த அதிகாரி ஒரு பெண். சீட்டையும் ரெஜிஸ்டரையும் படித்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"லீவா இல்லையாங்கறது கேள்வி இல்லீங்க. வரச் சொன்னது யாரு, யாருக்காக வேலை செஞ்சீங்க, அந்த வேலையிலதான் அடிபட்டுச்சா? எனக்கு இதுதான் தெரியணும்."

இவ்வளவுதானா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை மாதமாக நான் சாமியோடு அல்லவா வழக்காடிக்கொண்டிருந்தேன்.

மச்சினன் எழுந்து, "ஆஸ்பத்திரில பொய் சொன்னது நான்தாம்மா" என்றான். அதிகாரி முதலாளி பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு நீங்க வரச் சொன்னீங்களா?"

முதலாளி ஓரமாகக் கிடந்த ரெஜிஸ்டரைப் பார்த்தார். ரெஜிஸ்டரில் எதை வேண்டுமானாலும் எழுதுகிற மனுஷன்தான். ஆனால் கற்பூரம் ஏற்றியதை இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"நான்தாம்மா வரச் சொன்னேன்" என்றார். "கல்லாண்ட மன்னிப்பு கேட்டுட்டுத்தான் ஆரமிச்சேன்."

பிறகு என் கையைப் பார்த்தார்.

"இவன்கிட்டதான் இன்னி வரைக்கும் கேக்கல."