வக்கீல் குமாஸ்தாவும் இரட்டை நாக்கு இங்கிலீஷும்

வக்கீலுக்குத் தமிழில் பேசப் பிடிக்காது, கட்சிக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது. இருவருக்கும் நடுவில் நின்று அடி வாங்குகிறவனுக்குத்தான் குமாஸ்தா என்று பெயர்.

யுத்த காலத்தில் அரியலூரில் ஒரு வக்கீலிடம் நான் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு வார்த்தைக்கு ஓர் அர்த்தம் என்று நெட்டுருப் போட்டுப் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன். அந்தப் பாஷையில் ஒவ்வொரு வார்த்தையும் ஊருக்கு ஒரு குடும்பம் வைத்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அகராதியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிய என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பச்சைமலைக்கு ஓடியவர்

பாடாலூர் செல்லமுத்து, பக்கத்துக் கொல்லைக்காரரின் வண்டிப் பாதையை மறித்து வேலி போட்டுவிட்டார். வேலியை எடுக்க வேண்டும் என்று டிகிரியும், அதாவது கோர்ட் தீர்ப்பும், ஆகிவிட்டது. இவர் எடுக்கவில்லை. ஒருநாள் வக்கீல் என்னிடம், "எதிராளி டிகிரியை எக்ஸிக்யூட் பண்ணப் போறான். செல்லமுத்துகிட்ட சொல்லிடு" என்றார். எக்ஸிக்யூட் என்ற வார்த்தையை நான் சரித்திரப் பாடத்தில்தான் பார்த்திருந்தேன். அங்கே ஒரு ராஜாவின் தலையை வெட்டியிருந்தார்கள். வார்த்தையை அப்படியே செல்லமுத்துவிடம் ஒப்பித்தேன். "அப்படின்னா என்னங்க?" என்றார். "உசுரு சம்பந்தப்பட்டதுன்னு நெனைக்கிறேன். எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க" என்றேன்.

மனிதர் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே பச்சைமலையில் ஏறிவிட்டார். கோர்ட் ஆட்கள் வந்து வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போன பிறகு, மைத்துனர் மலையெல்லாம் தேடி அழைத்து வந்தார். தாடியும் கிழிந்த வேட்டியுமாக ஆபீஸ் வாசலில் நின்றவரிடம், தீர்ப்பை நிறைவேற்றுவதற்கும் அதே வார்த்தைதான் என்று விளக்கினேன். வேட்டிக் கிழிசலை என்னிடம் தூக்கிக் காட்டினார். "வேலியப் புடுங்குறதுக்கா தம்பி, நான் அங்க கெழங்கத் தின்னுக்கிட்டுக் கெடந்தேன்?"

நிற்காத மோஷன்

பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்த காதர் பாய்க்குச் சுவர்த் தகராறு ஒன்று எங்களிடம் இருந்தது. அவருக்கும் இங்கிலீஷ் தெரியும். எல்லாம் மருந்துச் சீட்டு இங்கிலீஷ். ஒருநாள் ஆபீசுக்கு வந்து, "சார் எங்க தம்பி?" என்று கேட்டார். "மோஷன் மூவ் பண்ணப் போயிருக்கார் பாய். காலையில போனவரு, இன்னும் முடியல" என்றேன். கோர்ட்டில் மனுப் போடுவதற்கு அப்படிப் பெயர். பாய் முகம் வாடிவிட்டது. "அல்லாவே!" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

அரியலூரிலேயே தெரிந்த ஒரு மருந்துக் கடையில் தானே கலக்கிய மருந்துத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு நேரே கோர்ட் வாசலுக்குப் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். வக்கீல் வெளியே வந்ததும், ஒரு கட்சிக்காரர் இவ்வளவு பிரியமாக எதையோ நீட்டுகிறாரே என்று வாங்கி மடமடவென்று குடித்துவிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, மனு தள்ளுபடியான சலிப்போடு, "நம்ம மோஷன் நிக்கலைய்யா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் காதர் பாய் முந்திக்கொண்டார். "ஒரே வேளையில எப்படிங்க நிக்கும்? ராத்திரிக்கும் ஒரு அவுன்ஸ் குடிங்க."

தனபாக்கியம் அம்மாளின் வார்த்தை

உடையார்பாளையம் பக்கத்திலிருந்து தனபாக்கியம் அம்மாள் என்று ஒருவர் வந்தார். புருஷன் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. கொழுந்தனார் யாரோ ஒரு பையனைச் சுவீகாரப் பிள்ளை என்று காட்டி நிலத்தை எடுத்துக்கொள்ளப் பார்த்தார். வக்கீல் எழுதிய பிராதை அந்த அம்மாளுக்கு நான் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும். 'டைடு வித்தவுட் இஷ்யூ' என்று ஒரு வரி. இஷ்யூ என்றால் வழக்கில் உள்ள தகராறு என்று கோர்ட்டில் கற்றிருந்தேன். "உங்க வீட்டுக்காரர் தகராறு எதுவும் இல்லாம காலமானாரு" என்று படித்தேன். "யாரு, அவரா? சாவுற அன்னிக்குக்கூட ரசத்துல உப்பு இல்லன்னு கும்பாவத் தூக்கி வீசிட்டுத்தான் செத்தாரு. பொய்யி எழுதாதீங்க" என்று எழுந்துவிட்டார்.

உள்ளேயிருந்து வக்கீல் சிரித்துக்கொண்டே வந்து, பிள்ளை இல்லாமல் இறந்தார் என்பதுதான் அர்த்தம் என்றார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மறுபடி உட்கார்ந்து, அந்த வரி எங்கே இருக்கிறது என்று கேட்டு, நான் காட்டிய 'வித்தவுட் இஷ்யூ'வை விரலால் தொட்டுப் பார்த்தார். சுவீகாரம் பொய் என்று பிறகு தீர்ப்பு வந்து, நிலம் அவருக்கே நின்றது. அன்றைக்கு அவர் கேட்டதுதான் எனக்கு நினைவிருக்கிறது. "கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து ஊரே என்னைக் கேட்ட கேள்வி. இங்கிலீஷ்ல ரெண்டே வார்த்தையா?"

கரி பஸ் காப்பாற்றியது

தா.பழூரிலிருந்து ஒரு வாய்க்கால் வழக்குக்குச் சாட்சிகள் வந்திருந்தார்கள். அன்றைக்குச் சாட்சி சொல்லாவிட்டால் வழக்கே போய்விடும். எங்கள் வக்கீல் புதிதாக ஒரு பத்திரம் தாக்கல் செய்ய அனுமதி கேட்டார். "லீவ் கிராண்டட்" என்றார் ஜட்ஜ். சாட்சிகளின் தலைவர் வேலாயுத உடையாருக்கு லீவு தெரியும்; பேரன் பள்ளிக்கூடத்துச் சொல். ஜட்ஜைக் கும்பிட்டுவிட்டுக் கூட்டத்தோடு வெளியேறிவிட்டார்.

பெயரைக் கூப்பிட்டபோது ஆள் இல்லை. பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிய காலம் அது. புண்ணியத்துக்கு பஸ் கிளம்பவில்லை. உடையாரே இறங்கி, பஸ்ஸின் பின்னாலிருந்த கரியடுப்புக்குக் கைப்பிடியைச் சுற்றிக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். கெஞ்சிக் கூத்தாடி இழுத்து வந்தேன். ஏன் போனீர் என்று ஜட்ஜ் கேட்டதற்கு உடையார் கைகட்டிக்கொண்டு சொன்னார்: "எசமான் லீவு குடுத்தீங்க, போனோம். இந்தக் குமாஸ்தா கூப்புட்டாரு, வந்தோம். உங்க ரெண்டு பேருல யாரு பெரியவங்கன்னு சொல்லிட்டா நல்லதுங்க."

என் கல்யாணம்

கடைசியாக என் தலையிலேயே விழுந்தது. பெரம்பலூரில் தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், தம் பெண்ணுக்கு என்னைப் பார்ப்பதற்காக, சொல்லாமல் கொள்ளாமல் ஆபீசுக்கு வந்திருக்கிறார். நான் உள்ளே நகல் எழுதிக்கொண்டிருந்தேன். யாரோ வழக்குக்காரர் என்னைத் தேடுகிறார் என்று நினைத்த வக்கீல், தலையை நிமிர்த்தாமலே "ஹி ஈஸ் என்கேஜ்டு" என்று சொல்லிவிட்டார். வேலையாக இருக்கிறான் என்றுதான் அவர் சொன்னது. வந்தவர் காதில், ஏற்கெனவே நிச்சயமானவன் என்று விழுந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார்.

தரகர் மூலம் விஷயம் தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண்ணைக் கோயிலில் ஒரு தரம் பார்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இரவல் சைக்கிளில் பெரம்பலூர் வரை மிதித்தேன். வேர்க்க விறுவிறுக்க அவர் முன்னால் நின்று, என்கேஜ்டு என்ற வார்த்தைக்கு உள்ள அர்த்தங்களையெல்லாம் உதாரணத்தோடு சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் வந்த பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, என் வருங்கால மாமனார் சொன்னார்: "இங்கிலீஷ நம்பிப் பொண்ணக் குடுக்க முடியாது மாப்ள. வேற எடத்துல பேச்சு இருக்கா இல்லியா, தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஓர் இங்கிலீஷ் வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் இருந்தாலும், அதில் எது நம் குடியைக் கெடுக்குமோ அதுதான் முதலில் காதில் விழும் என்பதே அத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் கற்ற இலக்கணம்.