போனுக்குப் பின்னால் ஒரு அம்மன்

பாடி மேம்பாலத்துக்குக் கீழே பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் இன்னொரு லாரி. எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்தவர் மடியில் பவர் பேங்கை வைத்துக்கொண்டு, போனில் செருகிய கேபிளை இரண்டு விரலால் பிடித்திருந்தார். சும்மா இல்லை… ஒரு பக்கமாகச் சாய்த்து, லேசாகத் தூக்கி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு. வைத்தியர் நாடி பார்ப்பாரே, அப்படி. பஸ் குலுங்கினால் சார்ஜ் நின்றுவிடும். "ப்ச்" என்பார். மறுபடி நாடி பிடிப்பார்.

அந்த நேரம் பார்த்து அப்பா நம்பரிலிருந்து கால். பேசியது அம்மா.

"இன்னாடி, இந்த போனு சுத்தமா ஏற மாட்டேங்குது. ஒயர எந்தப் பக்கம் திருப்பினாலும் வேலைக்காவல."

"மாவு டப்பாவ மேல வெச்சுப் பாத்தியாம்மா?"

"மாவு டப்பா, ஊறுகா ஜாடி எல்லாம் வெச்சாச்சு. புதங்கெழம இன்டர்வியூ கீது, ஞாபகம் கீதா இல்லியா?"

கோவில்பதாகையில் எங்கள் வீட்டில் சார்ஜ் போடுவது சமையல் சார்ந்த வேலை. கேபிளை வளைத்து, அதன்மேல் சரியான எடையுள்ள பாத்திரத்தை வைத்தால்தான் பேட்டரி படத்தில் மின்னல் தெரியும். உங்கள் வீட்டில் எப்படி? ரப்பர் பேண்டா, தீப்பெட்டியா? எதுவும் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், நம்பமாட்டேன்.

பக்கத்து சீட்காரர் இன்னொரு முறை "ப்ச்" என்றார். எனக்குள் பளிச்சென்று ஒன்று எரிந்தது. கேபிள் செருகும் ஓட்டைதானே பிரச்சினை? அந்த ஓட்டையே வேண்டாமே!

அம்மா வைத்திருப்பது என் பழைய போன். வாங்கிய காலத்தில் அதற்கு என் நண்பர்களிடையே ராஜமரியாதை. வயர் இல்லாமல் சார்ஜ் ஏறும் வசதியும் அதில் உண்டு. நான் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. அம்பத்தூரில் இறங்கினேன், வட்டமாக ஒரு வயர்லெஸ் சார்ஜரை வாங்கினேன், அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். யோசனை வந்தால் உடனே செய்துவிட வேண்டும் எனக்கு. யோசித்துச் செய்வதெல்லாம் வயதானவர்கள் வேலை.

இன்டர்வியூ கதையைச் சொல்லிவிடுகிறேன். அம்மா அம்பத்தூரில் ஓர் ஏற்றுமதி கார்மென்ட்ஸில் டெய்லர். காலர் தைப்பதில் அவளை அடிக்க லைனில் ஆள் இல்லை. ஆனால் நாள் முழுக்கக் குனிந்து குனிந்து கழுத்து வலி நிரந்தரமாகிவிட்டது. இப்போது அதே கம்பெனி பூந்தமல்லிப் பக்கம் புது யூனிட் திறக்கிறது. புதிதாகச் சேரும் பெண்களுக்குத் தையல் சொல்லித்தர ட்ரெய்னர் வேண்டுமாம். மெஷினை விட்டு எழுந்து நின்று செய்கிற வேலை! அம்மா பெயர் கொடுத்துவிட்டாள். திருப்பூர் ஹெட் ஆபீஸிலிருந்து வாட்ஸ்அப் வீடியோ காலில் கேள்வி கேட்பார்களாம். டெய்லராகச் சேர்ந்தபோது அவளை ஒரு காலர் தைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். பேசிக் காட்டி வேலை வாங்குவது இதுதான் முதல் முறை.

வீட்டுக்கு வந்து சார்ஜரை மேஜையில் வைத்து, அதன் வாலை பிளக்கில் செருகினேன்.

"ஒயர் இல்லாததுன்னியே," என்றாள் அம்மா. "இது இன்னா, நூலா?"

நியாயமான கேள்வி. வயர்லெஸ் என்றால் வயர் ஒழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அது போனை விட்டு நகர்ந்து மேஜைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இந்தச் சார்ஜர் தட்டுக்குள் ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள்; போனின் முதுகுக்குள் இன்னொரு காயில். இரண்டும் நேருக்கு நேர் வந்தால் கரண்ட் கைமாறும். காம்பவுண்டு சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணம் கைமாறுவதுபோல. அம்மா போனை வைத்தாள். பச்சை விளக்கு! மாவு டப்பா ஃப்ரிட்ஜுக்குத் திரும்பியது.

அப்பாவுக்கும் ஆசை வந்துவிட்டது. அன்று போனை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தவர், பாடியில் ஃபேக்டரி ஷிஃப்ட் முடித்து வந்ததும் சட்டைகூட மாற்றாமல் தன் பட்டன் போனை எடுத்து அதன்மேல் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா, நம்முளுது ஏறலியே?"

"அதுக்குள்ள காயில் இல்லப்பா."

"பழைய போனுன்னா இதுக்கும் எளக்காரமா?"

செவ்வாய் சாயங்காலம் வரை எல்லாம் சுகம். அன்று அம்மா வேலை முடிந்து திருவேற்காடு கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். போனைத் தட்டின்மேல் வைத்தாள், படுத்துவிட்டாள். புதன் காலை போனில் ஒன்பது சதவீதம். இன்டர்வியூ பதினோரு மணிக்கு.

தட்டில் சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்றது. போன் தொட்டால் சுடுகிறது. கேபிளைச் செருகினேன், மாவு டப்பா வைத்தேன், ஜாடி வைத்தேன்… ஊஹும். பவர் பேங்க்? அதுவும் அதே ஓட்டை வழியாகத்தானே போக வேண்டும்!

"என் போன்ல பேசிடும்மா. உன் சிம்ம மாத்திக்கலாம்."

"அத்த மாத்தி, அதுக்கு ஓடிபி வந்து, அது வராம போயி… என் இன்டர்வியூ, என் போன்லதான். நீ இத்த சரி பண்ணு. நாலு நாளா கம்ப்யூட்டர்காரி மாரி பேசுனல்ல?"

போனைத் திருப்பினேன். வழக்கத்தைவிட முதுகு கொஞ்சம் புடைத்திருந்தது. கவரைக் கழற்றினால்… உள்ளே ஒரு குடும்பமே குடியிருந்தது! ஓரத்தில் ஒரு சேஃப்டி பின். ரேஷன் கடை டோக்கன் ஒன்று. மீசை கறுப்பாக இருந்த காலத்து அப்பா, பாஸ்போர்ட் சைஸில். எல்லாருக்கும் மேலே, நட்டநடுவில், தபால்தலை அளவில் ஒரு செப்புத் தகடு. அதில் அம்மன்.

"இது எப்பம்மா வந்துச்சு?"

"நேத்து. இன்டர்வியூ நல்லா நடக்கணும்னுதாண்டி வாங்கியாந்தேன்."

காம்பவுண்டு சுவருக்கு மேலே உலோகம் வந்து நின்றால் குழம்பு அந்தப் பக்கம் போய்ச் சேராது. தகடு சூடாகும், சார்ஜர் பயந்துபோய் நிறுத்திக்கொள்ளும். இன்டர்வியூவைக் காப்பாற்ற வந்தவள், இன்டர்வியூவுக்கான சார்ஜை வாசலிலேயே மறித்துக்கொண்டு நிற்கிறாள்! இதை எந்த சார்ஜர் கம்பெனி பெட்டிமேல் அச்சடித்திருக்கிறது, சொல்லுங்கள்?

பின், டோக்கன், அப்பா — மூவரும் மறுபேச்சில்லாமல் வெளியே வந்தார்கள். அம்மன்தான் விஷயம்.

"ஒரே ஒரு மணி நேரம் வெளிய வெச்சுக்கலாம்மா."

"காரியம் முடியற வரிக்கும் போன உட்டு எடுக்க மாட்டேன்னு வேண்டிகினு வெச்சிகீறேன். எடுக்க மாட்டேன்."

"காரியம் நடக்கணும்னா சார்ஜ் ஏறணுமேம்மா!"

"அதெல்லாம் அவ பாத்துப்பா."

எட்டு சதவீதம். நான் காந்தப்புலம், சுருள், தூண்டு மின்னோட்டம் என்று பிளஸ் டூ ஃபிசிக்ஸை முழுசாக இறக்கினேன். அம்மா புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கடைசியில் ஒரே ஒரு வரிதான் உருப்படியாக என் வாயிலிருந்து வந்தது: "நடுவுல இருக்கக் கூடாதும்மா, அவ்ளோதான்."

அப்பா, தன் பாஸ்போர்ட் போட்டோவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார். "ஓரத்துல இருந்தா?"

"ஓரத்துல காயில் கெடையாதுப்பா. அங்க இருந்தா பிரச்சின இல்ல."

"அப்புறம் இன்னா? ஊட்ட காலி பண்ணச் சொல்லலியே, ரூம்புதான மாத்தறோம்."

அம்மா யோசித்தாள். தகட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தானே கவரின் கீழ் மூலையில் பத்திரமாக வைத்து மூடினாள். தட்டின்மேல் வைத்தேன். பச்சை! மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

ஆனால் வயர்லெஸ் சார்ஜுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. கேபிள் எக்ஸ்பிரஸ் ரயில் என்றால் இது ஆவடியில் புறப்பட்டு எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டி. பத்தே முக்காலுக்குப் பதினேழு சதவீதம்தான். வீடியோ கால் அதைக் குடித்துவிடும். தட்டின்மேல் இருந்தபடியே பேசலாம் என்றால், போன் மல்லாந்து படுத்திருக்கும். திருப்பூர்க்காரர்கள் எங்கள் வீட்டு விட்டத்தை இன்டர்வியூ எடுக்க வேண்டியதுதான்!

என் தலைமுடி ரப்பர் பேண்டுகள் இரண்டைக் கழற்றினேன். சார்ஜரையும் போனையும் முதுகோடு முதுகாக வைத்துக் கட்டினேன். அம்மாவின் தையல் மெஷின்மேல் ஐந்து லிட்டர் குக்கரை வைத்து, அதில் சாய்த்து நிறுத்தினேன். ஐ.டி. கம்பெனியில் எனக்குச் சம்பளம் தருபவர்கள் இதைப் பார்க்காமலிருந்தால் நல்லது.

கால் வந்தது. திரையில் கண்ணாடி போட்ட ஒரு மேடம். பெயர், அனுபவம், எந்தெந்த மெஷின் தெரியும்… அம்மாவின் குரல் முதலில் நடுங்கியது. அப்புறம் கேள்வி காலருக்கு வந்ததும் தெளிந்துவிட்டது. நானும் அப்பாவும் கதவுக்குப் பின்னால்.

அப்போதுதான் ரப்பர் பேண்டு வழுக்கியது. போன் மெதுவாகச் சரிந்து, சரிந்து… விட்டத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"ஃபேன் நல்லா சுத்துதுங்க," என்றார் மேடம்.

"மன்னிச்சுக்கங்க மேடம், போனு கொஞ்சம் அசந்துருச்சு," என்று அம்மா அதைத் தூக்கி நிறுத்தினாள். மேடம் சிரித்துவிட்டார். அம்மாவும்.

பிறகு அந்தக் கேள்வி. "புதுசா வந்த பொண்ணு ஒருத்தி. ஒரு வாரமாகியும் நேரா தைக்க வரலீங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அவள ஒண்ணும் சொல்ல மாட்டேன் மேடம். மொதல்ல குனிஞ்சு பாப்பேன். ஸ்டூலு ஒசரமா கீதா, பெடல்ல கால் எட்டுதா, ஊசி மழுங்கிச்சா, பாபின்ல நூல் சிக்கிச்சா… எல்லாத்தையும் பாத்துட்டுதான் அவமேல தப்பு சொல்றதா வேணாமான்னு யோசிப்பேன். முக்காவாசி நேரம் அவமேல தப்பு இருக்காது மேடம்."

கதவுக்குப் பின்னால் எனக்குச் சுருக்கென்றது. முதலில் குனிந்து பார்ப்பேன் என்கிறாள். நான்? போர்ட் போச்சு என்று பஸ்ஸிலேயே தீர்ப்பு எழுதினேன், சார்ஜர் வாங்கினேன். ஒருமுறையாவது அந்த ஓட்டைக்குள் பார்த்தேனா?

கால் முடிந்ததும் அம்மா தண்ணீர் குடிக்கப் போனாள். நான் போனைத் தூக்கி, என் போனின் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தேன். செக்கச்செவேல்!

குங்குமம். அம்மாவின் கைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். கார்மென்ட்ஸ் துணியின் பிசிறும் இருக்கும். போனும் அதே பையில்தான். இரண்டும் சேர்ந்து ஓட்டைக்குள் மெத்தைபோல இறுகிக் கிடந்தன. கேபிள் பாவம், அந்த மெத்தைமேல் உட்கார்ந்துகொண்டு "உள்ளே வந்துட்டேன்" என்று நினைத்திருக்கிறது. போனை ஆஃப் செய்தேன், மரப் பல்குத்தியால் மெல்ல மெல்லக் கிளறினேன். (தயவுசெய்து சேஃப்டி பின்னை எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் பின்கள் அதைவிட மெல்லியவை.) பொலபொலவென்று வந்தது.

"கீழ கொட்டாதடி!" அம்மா ஓடிவந்து கையை ஏந்தினாள். பிசிறை ஊதித் தள்ளிவிட்டு, மிச்சத்தை நெற்றியில் வைத்துக்கொண்டாள். கேபிளைச் செருகினேன். 'க்ளிக்'. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! மின்னல் வந்தது. பாத்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

அப்படியென்றால் எது நல்லது, வயரா வயர்லெஸ்ஸா? என் பத்தியைப் படித்துவிட்டு இதையே கேட்டு மெயில் அனுப்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். அவசரத்துக்கு வயர்தான். வேகமும் அதில்தான், பேசிக்கொண்டே சார்ஜ் ஏற்றும் சௌகரியமும் அதில்தான். போனை வைப்பதும் எடுப்பதுமாகவே இருப்பவர்களுக்கு வயர்லெஸ், போர்ட் தேயாது. ஆனால் எதை வாங்குவதற்கு முன்பும் இரண்டு காரியம் செய்யுங்கள். போனின் ஓட்டையில் டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பக்கக் கவரைக் கழற்றிப் பாருங்கள். நம்முடைய ஊரில் போனுக்குப் பின்னால் வெறும் பேட்டரி மட்டும் இருப்பதில்லை… ஒரு வீட்டின் நம்பிக்கை மொத்தமும் அங்கேதான் செருகி வைக்கப்பட்டிருக்கிறது. என்ஜினீயர்கள் அதற்கும் கொஞ்சம் இடம் விட்டு டிசைன் செய்யலாம்.

சனிக்கிழமை கால் வந்தது. போன் தட்டின்மேல் இருந்தது. வைப்ரேஷனில் குதித்துக் குதித்து மேஜை விளிம்புக்கு வந்துவிட்டது. அப்பா பாய்ந்து பிடித்தார். அம்மா பேசினாள். "சரிங்க மேடம்… சரிங்க மேடம்…" வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்தபிறகு என்ன சொன்னார்கள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

திங்கட்கிழமை பூந்தமல்லி. அங்கே ஒவ்வொரு பேட்சின் பயிற்சியையும் போட்டோ எடுத்து குரூப்பில் போட வேண்டுமாம். போன் நாள் முழுக்க உயிரோடு இருந்தாக வேண்டும்.

"காரியம்தான் முடிஞ்சிருச்சே. இப்ப தகட்ட எடுத்துடலாமாம்மா?"

"ஜெயிச்சுக் குடுத்தவள வெளிய அனுப்புவியா நீ?"

ஆகவே புதுத் திட்டம் தயார். போனுக்கு ஒரு துணி உறை. குங்குமப் பொட்டலத்துக்குத் தனிப் பை, ஓட்டையை மூடிக்கொள்ள ஒரு மடிப்பு, கீழ் மூலையில் அம்மனுக்கு ஒரு சின்ன அறை, பக்கத்திலேயே கறுப்பு மீசை அப்பாவுக்கு இன்னொன்று. நாளை காலை அம்மா தைக்கப்போகிறாள். காயில் எங்கே இருக்கிறது என்று துணிமேல் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டுவது மட்டும்தான் என் வேலை.

இந்தமுறை வட்டம் போடுவதற்கு முன் குனிந்து பார்த்துவிடுகிறேன்.