இஜெண்டுவின் இரண்டு நிறம்

உசோமாகா படத்தொகுப்புக்கு வந்தது ஆசையால் அல்ல, மூச்சிரைப்பால். அசாபா நகரத்தில் மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்துகொண்டிருந்தவள் அவள். பவுடர் தூசி நெஞ்சில் இறங்கி இறங்கி, ஒரு கல்யாண வீட்டில் மணப்பெண்ணே பாதி மையிட்ட கண்ணோடு இவளைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதன்பிறகு தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, தம்பியின் பழைய கம்ப்யூட்டரில் எடிட்டிங் கற்றாள். பரு, வடு, வியர்வைப் பளபளப்பு எல்லாவற்றையும் திரையிலேயே துடைக்கப் பழகினாள். ஊரில் எடுக்கிற படங்களின் முகங்கள் ஒவ்வொன்றாக அவளிடம் வரத் தொடங்கின.

அப்படி வந்ததுதான் ஒக்வுடிலி இயக்கிய படம். கதாநாயகனுக்குக் கால் முறிந்ததால் படப்பிடிப்பு நடுவில் நின்று, மழைக்காலம் கழிந்த பிறகுதான் மறுபடி தொடங்கியது. அந்த இடைவெளியில் கதாநாயகி இஜெண்டு முகம் வெளுக்கும் கிரீம் பூச ஆரம்பித்திருந்தாள். படத்தில் மாமியார் வீட்டு வாசலில் நிற்கும்போது நல்ல கருப்பு. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் வெளுப்பு.

ஒக்வுடிலி தலையில் கை வைத்துக்கொண்டான். "கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்டாட்டி, இந்தப் பக்கம் ஒரு பொண்டாட்டி. ஹீரோ ரெண்டு கட்டிக்கிட்டான்னு ஜனங்க கைதட்டப் போறாங்க, உசோ."

எல்லாக் காட்சியையும் வெளுப்பாக்கிவிடு என்றான். இஜெண்டுவும் போனில் அதையேதான் சொன்னாள்.

உசோ முயன்றுதான் பார்த்தாள். கருத்த முகத்தை வெளுப்பாக்க வெளுப்பாக்க அது சாம்பல் பூத்துப்போனது. பிள்ளையைப் பறிகொடுத்து இஜெண்டு அழுகிற காட்சியில் கண்ணீர் இருந்த இடமே தெரியவில்லை. கன்னத்தின் துடிப்பும் போய்விட்டது. உசோ அந்தக் கோப்பை ஓரமாக வைத்துவிட்டு, மழைக்காலத்துக்குப் பிறகு எடுத்த காட்சிகளைத் திறந்தாள். கிரீம் எட்டாத காதுமடலில் மட்டும் பழைய நிறம் அப்படியே இருந்தது. அந்த நிறத்தை எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் கொடுத்தாள். இஜெண்டு தலையைத் திருப்பும் இடமெல்லாம் நிறமும் கூடவே திரும்பும்படி, காட்சி காட்சியாக உட்கார்ந்து இழைத்தாள்.

ஒக்வுடிலி பார்த்தான். கதவு திறந்தது, ஒரே பெண்தான் உள்ளே வந்தாள்.

"இஜெண்டு என்னைக் கொன்னுடுவா," என்றான்.

"முதல்ல என்னை. நீங்க வரிசையில நில்லுங்க."

மறுநாள் மதியம் இஜெண்டு வந்தாள். ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்த அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"நான் காசைக் கொட்டிப் பூசினதை நீ ஓசியில அழிச்சிட்டியாமே?"

உசோ வாதாடவில்லை. "நீங்க கேட்டதும் இருக்குக்கா. ரெண்டையும் பாருங்க, எதைச் சொல்றீங்களோ அதுதான் போகும்," என்று சொல்லி, அழுகிற காட்சியை முதலில் வெளுப்பில் ஓட்டினாள், பிறகு கருப்பில். இஜெண்டு கருப்பை இன்னொரு முறை போடச் சொன்னாள்.

"முதல்ல போட்டதுல பொம்மை அழுவுது," என்றாள். "இதுல நான் அழுவுறேன்."

கருப்பே இருக்கட்டும் என்று கையசைத்தாள். அப்புறம்தான் கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணுக்குக் கீழே தோல் வெந்து திட்டுத்திட்டாக இருந்தது. வெயிலில் நின்றால் எரிகிறது, யாரிடமும் சொல்லவில்லை என்றாள்.

"இதையும் உன் மிஷின்ல துடைச்சிடுவியா?"

"படத்துல துடைப்பேன். முகத்துக்கு வேற ஆள்கிட்டத்தான் போகணும்."

ஒப்பனை செய்த காலத்தில் தெரிந்த தோல் மருத்துவர் ஒருவர் ஆற்றுக்கு அக்கரையில் ஒனிட்சாவில் இருந்தார். சனிக்கிழமை இருவரும் பாலம் தாண்டிப் போனார்கள். பாலத்து நெரிசலில், பயறுமாவில் அவித்த ஒக்பா வாங்கிப் பகிர்ந்து தின்றார்கள். இஜெண்டுவை அடையாளம் கண்ட வியாபாரி மிளகு தூக்கலாக இருந்த துண்டாகப் பார்த்துக் கொடுத்தான். மருத்துவர் கிரீமை அன்றோடு நிறுத்தச் சொன்னார். மாதக்கணக்கில் ஆகும், முழுக்கப் பழையபடி வருமென்று வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் எரிச்சல் போய்விடும் என்றார். இஜெண்டு திரும்பி வரும் வழியெல்லாம் அவரைத் திட்டினாள். கிரீமை மட்டும் மறுபடி தொடவில்லை.

படம் ஓடியது. அழுகைக் காட்சியைத் துண்டாக வெட்டி ஆளாளுக்குப் போனில் அனுப்பிக்கொண்டார்கள். அடுத்த படத்துக்கு இஜெண்டு நடிக்கப் போனபோது திட்டுகள் பெரும்பாலும் ஆறியிருந்தன. படப்பிடிப்பு முடிந்த அன்று உசோவுக்குப் போன் செய்தாள்.

"இடது கண்ணுக்குக் கீழ இருக்கிறதை மட்டும் கொஞ்சம் துடைச்சிடு. தேசப்படம் மாதிரி இருக்கு. வேற எதையாவது தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்."

உசோ சிரித்துக்கொண்டே சரியென்றாள். அந்தப் படம் முழுவதிலும் இஜெண்டுவின் முகத்தில் அவளுக்கு ஒரே ஒரு மதியத்து வேலைதான் இருந்தது.