மழையில்லாத வருடத்துக் குடைக்காரர்

குடையை விரித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார் மொய்னுதீன். முகத்தில் எத்தனை வெளிச்சப் பொட்டு விழுகிறதோ, துணியில் அத்தனை ஓட்டை. "ஏழு" என்று குடையைக் கொண்டுவந்தவரிடம் அறிவிப்பார். பிறகு அவருடைய வழக்கமான கேள்வி: "மழைக்கா, வெயிலுக்கா?" வெயிலுக்கு என்றால் சின்ன ஓட்டைகளை அப்படியே விட்டுவிடலாம் என்பது அவர் கட்சி. "காத்து வரும்பா. உனக்கும் காசு மிச்சம்."

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே மதிலோரமாகக் கோணி விரித்து உட்கார்ந்திருப்பார். ஐம்பது வயது, தாடியில் பாதி நரை. ஒரு குறடு, மெழுகு தடவிய நூல், உயிர்போன குடைகளிலிருந்து உருவிய கம்பிகள். வாயில் எப்போதும் ஓர் ஊசி இருக்கும். அதை எடுக்காமலே பேசுவார், சிரிக்கவும் செய்வார். அந்தச் சிரிப்பைக் கண்டால் மனைவி உம்முசல்மா, ஊசியை விழுங்கிவிடப் போகிறாரே என்று கையை நீட்டிவிடுவாள்.

அந்த ஆண்டு ஐப்பசி வெறுமனே போனது. கார்த்திகையிலும் வானம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. ஊரில் ஒருவரும் குடையை வெளியே எடுக்கவில்லை. எடுக்காத குடை எப்படி உடையும்? மொய்னுதீன் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் கூரம், ஒருநாள் தென்னேரி என்று சைக்கிளில் போய்த் தெருத்தெருவாகக் குரல் கொடுத்துவிட்டு, வெறும் பையோடு திரும்புவார். கால் கழுவித் தொழுவார். "ரிஜ்க்கு எழுதினவன் வெலாசத்த தப்பா எழுத மாட்டான்" என்பார். அன்றன்றைக்கு ஆண்டவன் அளக்கும் உணவைத்தான் அவர் ரிஜ்க்கு என்பது.

"வெலாசம் சரிதான். தபால்காரன் எங்க போனான்?" என்று கேட்டாள் உம்முசல்மா, மார்கழி பிறந்த வாரத்தில், அரிசிப் பானையைக் கவிழ்த்துக் காட்டி. அவளுடைய தம்பி அக்பர், வாலாஜாபாத்தில் தான் வேலை பார்க்கும் அரிசி மில்லில் இருவருக்கும் சொல்லி வைத்திருந்தான். "கெளம்பலாமா?"

"கெளம்பலாம், நாளைக்கு. இன்னிக்கி பொழுது இன்னும் இருக்குதேமா." அப்போதும் சிரித்தார். ஆனால் குறட்டைத் துணியில் சுற்றிக் கட்டும்போது விரல்கள் முடிச்சை இரண்டு முறை தவறவிட்டன. அவள் வாங்கி முடிச்சைப் போட்டுக் கொடுத்தாள்.

அன்று மாலைத் தொழுகை முடிந்து அவர் வீடு திரும்பியபோது வாசலில் கோதண்டபாணி நின்றுகொண்டிருந்தார். நெசவாளி, தம் தெருப் பெருமாள் கோயில் காரியங்களைக் கவனிப்பவர். கூட வந்த இருவர் நீளமான ஒன்றைத் தோளிலிருந்து இறக்கினார்கள். சாமி புறப்பாட்டுக் குடை. அதன் பட்டுத்துணியை எலி கடித்திருந்தது. மூங்கில் சட்டங்கள் நான்கு முறிந்திருந்தன.

"ஏகாதசிக்கு அஞ்சு நாள்தான் இருக்குது, பாய். வழக்கமா செய்யறவரு பட்டணத்துல காய்ச்சலா படுத்துக்கினாரு. உங்களாண்ட கேக்கலாமான்னு..." கோதண்டபாணி இழுத்தார்.

மொய்னுதீன் குடைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "மழைக்கா, வெயிலுக்கா?"

"ரெண்டுக்கும் இல்ல பாய். அழகுக்கு."

"அப்ப ஒரு ஓட்டையும் விட முடியாதே" என்றார் வருத்தமாக. உள்ளே நின்ற உம்முசல்மா, பல வாரங்களுக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரித்தாள்.

தினமும் குளித்துவிட்டுத்தான் அந்தக் குடையைத் தொட்டார். கோதண்டபாணி அன்றைக்கே ஒரு மரக்கால் அரிசி கொடுத்தனுப்பியிருந்தார். ஏகாதசியன்று குடை நிமிர்ந்து நின்றதைப் பார்த்துவிட்டு அடுத்த தெருக்காரர்கள் தங்கள் குடையைக் கொண்டுவந்தார்கள். பிறகு அதற்கடுத்த தெருக்காரர்கள். தை முடியும் வரை கை ஓயவில்லை. இப்போதைக்கு வரவில்லை என்று அக்பருக்கு ஒரு கார்டு போட்டாயிற்று.

மழை ஒருவழியாக மாசியில் வந்தது, யாரும் எதிர்பாராத ஒரு காலையில். அப்போது மொய்னுதீன் கோதண்டபாணியின் தெருவில் இருந்தார். முதல் தூறலுக்கே வீடுகளுக்குள்ளிருந்து பழைய குடைகள் புறப்பட்டு அவரைச் சூழ்ந்தன. "பாய், என்னுத மொதல்ல", "எனக்கு ஆபீசுக்கு நேரமாவுது பாய்." இத்தனை மாதம் வராத கூட்டம். தெரு நடுவிலோ, நெசவாளர்கள் தறியில் ஏற்றுவதற்காக நீளமாக இழுத்துக் கட்டியிருந்த பட்டுநூல் பாவின்மேல் மழைத்துளிகள் விழுந்துகொண்டிருந்தன. நனைந்தால் பல நாள் உழைப்பு பாழ். கோதண்டபாணி ஒரு முனையில் தனியாகத் திண்டாடினார்.

மொய்னுதீன் கையிலிருந்த குடையை உடையவரிடமே திருப்பிக் கொடுத்தார். "கொஞ்சம் நில்லுங்கபா" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, பாவின் மறுமுனையை அவிழ்த்துச் சுருட்டத் தொடங்கினார்.