ஒரு படகு, இரண்டு தீர்ப்பு

தமுக்கு அடிக்கிறவனுக்கு எந்த ஊரும் பாய் விரித்து உட்காரச் சொன்னதில்லை. யாரோ சொன்னதைக் கொண்டுபோய்ச் சொல்லி, அதற்கு ஏச்சு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்கு என் நிலைமை புரியும். பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் எனக்கு அந்த வேலைதான். அதிலும் அண்ணன் தம்பி இருவர்மேல் வந்த கொலை வழக்கின் தீர்ப்பைச் சொல்லப்போய்ப் பட்டதுபோல் என்றும் பட்டதில்லை.

மீன்காரம்மா கணக்கு

ஏரியில் அன்றைக்கு வலைபோடும் முறை யாருடையது என்று சண்டை. கோலடி பட்டுக் கோவிந்தன் செத்துப்போனான். எதிர்ப் படகில் இருந்தவர்கள் ஏழுமலையும் அவன் தம்பி முனுசாமியும். அடித்தது அண்ணன், அவனை விலங்கு போட்டு, கடலுக்கு அப்பால் ஒல்லாந்தர் ஆளும் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றுவது. தம்பி கைவைத்ததற்குச் சாட்சி இல்லை, அவனுக்கு விடுதலை. இதுதான் துரைகளின் தீர்ப்பு.

கோட்டை வாசலில் நான் சொல்லி முடித்ததும் ஒரே கூச்சல். இரண்டு பேரையும் விடணும் என்று பாதிப் பேர், இரண்டு பேரையும் அனுப்பணும் என்று மீதிப் பேர். தீர்ப்பை நானே எழுதியதுபோல் என் துண்டைப் பிடித்து இழுத்தார்கள். கூடையை இறக்காமலே நின்ற மீன்காரம்மா ஒருத்தி கேட்டாள்: "ஒரே படகுல போனவங்களுக்கு மீன்ல சரிபங்குன்னா, பழில மட்டும் இன்னாய்யா ஒருத்தனுக்கே முழுசா?"

பாதியில் ஓடியவர்கள்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெயரைச் சொன்னதும் நிறுத்தி, தமுக்கை அடித்துவிட்டுத்தான் அடுத்த பெயர். குப்பத்துக் கரையில் ஏழுமலை தண்டனையைச் சொல்லி நிறுத்தினேன். பத்தாவியா என்று காதில் விழுந்ததுதான் தாமதம், பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அவன் வீட்டைப் பார்த்து ஓடிவிட்டார்கள். மீதித் தீர்ப்பைக் கேட்க ஒரு நாய்தான் இருந்தது.

தமுக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ஏழுமலை பெண்டாட்டி வள்ளியும் முனுசாமி பெண்டாட்டி பொன்னியும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். தம்பிக்கு விடுதலை என்று மூச்சு வாங்கச் சொன்னேன். பொன்னி முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்ததும் வாடிவிட்டது. வள்ளிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கோசரம் நீ அழுவாத பொன்னி. போய் ஒலை வை, வர்ற தம்பிக்குப் பசிக்கும்."

செங்கேணி வாசல்

கோட்டை விட்டாலும் குப்பம் விடாது. கொலைப்பழி பட்டவனோடு யாரும் படகேற மாட்டார்கள். செத்தவன் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தால்தான் பழி தீரும். இல்லாவிட்டால் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான். முனுசாமி வந்ததும் வராததுமாகக் கோவிந்தன் வாசலில் போய்த் தலைகுனிந்து நின்றான். தீர்ப்பை அங்கேயும் சொல்லவேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். தமுக்கடிக்கக் கை வரவில்லை. வாயால் மட்டும் மெள்ளச் சொன்னேன்.

கோவிந்தன் பெண்டாட்டி செங்கேணி உள்ளே போனாள். இனி வரமாட்டாள் என்று கூட்டம் கலையப் பார்த்த நேரத்தில் சொம்போடு வந்தாள். முனுசாமி இரண்டு கையாலும் வாங்கி, அழுதுகொண்டே குடித்தான். அவன் குடித்து முடிக்கும்வரை பார்த்திருந்தவள் என் பக்கம் திரும்பினாள்: "கப்பல்ல இவங்க அண்ணனுக்கு நல்ல தண்ணி குடுப்பாங்களாய்யா?"

கோட்டை சொன்னதைக் குப்பத்தில் சொல்கிறவன் நான், அன்றைக்குக் குப்பம் கேட்டதைக் கோட்டையில் கேட்கத் தமுக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.