விழாத அலை

நான் ஒரு மனுவை அழகாக எழுதி ஒரு மனிதனின் சாவுக்குக் காரணமானேன். தெரியாமல் செய்தது அல்ல. பழி தீர்க்கவே அப்படி எழுதினேன். அந்த மனுவின் நகல் இப்போது என் முன்னால் இருக்கிறது. நான்கு ஒல்லாந்துத் தாள்கள். மடிப்புகள் கிழிந்துபோனதால் அடியில் துணி ஒட்டியிருக்கிறேன். ஒரு துண்டு வலைக்கயிற்றால் கட்டியிருக்கிறது. அந்தக் கயிறு என்னுடையது அல்ல.

அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். ஒல்லாந்துக் கம்பெனியின் பழவேற்காட்டுக் கோட்டையில் தமிழ் எழுத்துக்காரனாக இருந்தேன். தறிக்காரர்கள், படகுக்காரர்கள், உப்பளத்துக்காரர்கள் என்று யார் வந்தாலும் அவர்கள் குறையைக் கேட்டு மனுவாக எழுதுவது என் வேலை. அதைத் துபாசி ஒல்லாந்து மொழியில் மாற்றித் துரையிடம் சொல்வார். வேலை அதுதான் என்றாலும் நான் என்னை மனு எழுதுகிறவனாக நினைத்ததில்லை. நான் கதை எழுதுகிறவன். செய்யுள் கட்டத் தெரிந்தவர்கள் ஊரில் நாலைந்து பேர் இருந்தார்கள். வசனத்தில் கதை சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன். ஒரு சொல் போதுமான இடத்தில் ஐந்து சொல் வைப்பேன். சூரியன் என்று வெறுமனே எழுத எனக்குக் கை கூசும். ஒரு வாக்கியத்தை எவ்வளவு தூரம் முடிக்காமல் இழுக்க முடியுமோ அவ்வளவு தூரம் இழுப்பதுதான் திறமை என்று நம்பினேன். நான் எழுதிய பெரிய கதைக்கு நான் வைத்த பெயரே ஒன்றரை வரி நீளம்.

அந்தக் கதை ஏரிக்கரை மீனவர் ஊரான பசியாவரத்தில் உண்மையாக நடந்த ஒன்று. அந்த ஊர்த் தலைவரான நாட்டாரின் தம்பி, கட்டுமரத்தில் போனவன், முகத்துவாரத்துக்கு வெளியே கவிழ்ந்து இறந்துபோனான். ஊர் முழுக்கத் தெரிந்த சாவு. நான் அவனை அரசகுமாரனைப் போல ஆக்கி, அவன் மனைவியைத் தேவமகளாக்கி, கடலுக்கு ஆயிரம் உவமை சொல்லி, ஓலையில் எழுதி முடித்தேன். துபாசி வீட்டில் அவர் மகளுக்கு நிச்சயம் நடந்த அன்று, சாப்பாடு முடிந்த பிறகு, வந்தவர்கள் முன்னால் அதைப் படிக்கச் சொன்னார்கள். வியாபாரிகள் இருந்தார்கள், தறிக்காரத் தலைவர்கள் இருந்தார்கள். விருந்துக்கு மீன் கொண்டுவந்த நாட்டாரும் வாசலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் இருப்பது எனக்குத் தெரியும். அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அவர் அழுவதை மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

"ஆயிரம் வாய் பிளந்த ஆதிசேடன்போல் அகன்றுயர்ந்து, முத்துக்குடை விரித்தாற்போல் நுரை கக்கி, மலையொடு மலை மோதினாற்போல் முழங்கி எழுந்த அப்பேரலையானது" என்று அலைக்கு வந்தேன். அந்த அலை கீழே இறங்குவதற்கு முன்னால் நான்கு ஏடுகள் இருந்தன. இரண்டாம் ஏட்டில் அலையின் நிறம். மூன்றாம் ஏட்டில் அதன் ஓசை. நான்காம் ஏட்டைப் புரட்டும்போது நாட்டார் கையைத் தூக்கினார்.

"எய்த்துக்காரரே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கள் நாட்டாரே."

"எந்தம்பி செத்துட்டானா, இல்லியா?"

யாரோ செருமினார்கள். கதையில் இன்னும் அந்த இடம் வரவில்லை என்றேன்.

"அலை எந்திரிச்சு நாலு ஏடு ஆவுது. இன்னும் வுழல. அவ்ளோ நேரம் நின்னிருந்தா அவன் நீஞ்சியே கரைக்கு வந்திருப்பானே." பிறகு, விட்டுவிடாமல், "முன்னால இன்னொண்ணு படிச்சீங்க. சாயங்காலம் சூரியன் கடல்ல எறங்கிச்சுன்னு. நம்ம கடல் கெயக்கால கீது. அது இன்னா ஊரு கடலு?" என்றார்.

துபாசி முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். இலை எடுத்துக்கொண்டிருந்த ஆட்கள்கூடச் சிரித்தார்கள். ஓலைகளை அப்படியே கட்டினேன். அன்றிலிருந்து ஊரில் எனக்கு விழாத அலை என்று பெயர். தோணித் துறையில் நின்றால், "இன்னா எய்த்துக்காரரே, அலை வுழுந்துச்சா?" என்று கேட்காமல் யாரும் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். கோட்டைச் சிப்பாய்க்குக்கூட அந்தச் சொல் தெரிந்திருந்தது. அன்று துபாசி வீட்டில் நாட்டார் மட்டும் சிரிக்கவில்லை. அதை நான் பல ஆண்டுகள் கழித்துத்தான் நினைத்துப் பார்த்தேன். அப்போது என் காதில் இருந்தது சிரிப்பு மட்டும்தான். ஒன்றரை ஆண்டு அதைச் சுமந்து திரிந்தேன். நடக்கும்போதும் சாப்பிடும்போதும் அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தீட்டிக்கொண்டே இருந்தேன்.

அதற்கு வாய்ப்பு தானாகவே வந்தது.

ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தைப் பசியாவரத்துக்காரர்கள் மொகவாய் என்பார்கள். நீர் ஏறும்போது இறாலும் மடவை மீனும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். அங்கே வலை கட்டும் முறைக்குப் பாடு என்று பெயர். ஆண்டுக்கு ஒரு நாள் அம்மன் கோயில் முன்னால் வீட்டுக்கு ஒரு கிளிஞ்சல் அடையாளம் வைத்து, பானையில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். எந்த வரிசையில் கிளிஞ்சல் வருகிறதோ அந்த வரிசையில் வலை கட்டும் நாள். நாட்டார் வீட்டுக்கும் விதவை வீட்டுக்கும் அதே பானைதான். இந்த இடத்தை ஒரு வியாபாரி, கோட்டைக்கு மீன் தருகிறேன் என்று சொல்லி, தனக்கு மட்டும் குத்தகைக்குக் கேட்டான். அங்கே வழக்கம் என்ன என்று ஊரார் எழுதிக் கொடுக்கட்டும், பார்த்து முடிவு செய்கிறேன் என்று துரை சொல்லியிருந்தார்.

நாட்டாரே வந்தார். காலில் ஏரிச் சேறு காயவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"மொகவாய்ப் பாடு எங்க ஊருக்குப் பொது. சீட்டுப் போட்டு மொறை வெச்சு வலை கட்றோம். ஒருத்தனுக்கே குடுத்துட்டா மத்த வூடெல்லாம் பொயப்புக்குக் கடலுக்குப் போவணும். வாடையில கடலுக்குப் போனா ஆளு திரும்பாது. பயயபடி வுடச் சொல்லுங்க. அவ்ளோதான்."

பிறகு கொஞ்சம் தயங்கி, "அன்னிக்கி ஏதோ வாயில வந்துச்சு, கேட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. நல்லா எய்துங்க" என்றார்.

நன்றாக எழுதினேன். வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் எதையும் எழுதியதில்லை. துபாசிக்கு ஒரு வழக்கம் இருந்தது. அவருடன் வேலை செய்த எங்களுக்கு மட்டுமே அது தெரியும். எவ்வளவு நீள மனுவானாலும் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும்தான் படிப்பார். இடையில் இருப்பதைப் புரட்டிவிட்டு, துரையிடம் இரண்டு வரியில் சொல்லிவிடுவார். எனவே முதல் தாளில் கம்பெனியின் புகழை வைத்தேன். கடைசித் தாளில் ஏரியும் கடலும் அவற்றில் உலவும் மீனும் யாவும் துரையவர்களின் திருவுளத்துக்கே உரியவை, அத்திருவுளம் எதுவோ அதுவே அடியோங்கள் பாக்கியம் என்று முடித்தேன். நாட்டார் சொன்ன நான்கு விஷயங்களையும் மூன்றாம் தாளில், ஓர் அலை வருணனைக்கு நடுவில், கண்ணுக்குத் தெரியாமல் கரைத்தேன். ஆம், அதே அலையைத்தான் எடுத்துப் போட்டேன். எழுதும்போது எனக்கு ஏற்பட்ட இன்பத்தை மறைக்க விரும்பவில்லை. இறகை மையில் தொட்ட ஒவ்வொரு முறையும் அவர் முகம் தெரிந்தது.

மறுநாள் அவரை வரச் சொல்லி முழுவதும் படித்துக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும், "எங்க பாடு இதுல எங்க கீது?" என்று கேட்டார்.

"நடுவில் இருக்கிறது நாட்டாரே. துரைகளுக்கு இப்படித்தான் எழுத வேண்டும்."

"உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுக் கைநாட்டு வைத்தார்.

நான் நினைத்தபடியே நடந்தது. பசியாவரத்தார் கம்பெனியை வாழ்த்தி, எல்லாவற்றையும் துரையின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள் என்று துபாசி சொன்னார். மொகவாய் வியாபாரிக்குப் போயிற்று. சேதி ஊருக்குப் போன அன்று நான் தோணித் துறையில் வேண்டுமென்றே போய் நின்றேன். யாரும் என்னைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது. அவர்கள் கோட்டையைத்தான் நொந்துகொண்டார்கள். என்னைச் சந்தேகப்படவில்லை. அது மட்டும் எனக்குச் சிறு குறையாக இருந்தது, இதைச் செய்தது நான் என்று நாட்டாருக்குத் தெரியவில்லையே என்று.

கார்த்திகையில் வாடை கடுமையாக இருந்தது. ஒரு காலை அலுவலகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். கோட்டைச் சமையற்கட்டுக்கு மீன் கொண்டுவரும் பசியாவரத்துப் பெண் வெறுங்கூடையோடு வந்து வாசலில் நின்றாள். ஏன் மீன் இல்லை என்று காவல்காரன் கேட்டான்.

"நாட்டார் மவன் கடல்ல பூட்டான். கட்டுமரம் மட்டும் கரை சேந்துச்சு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அந்த இரண்டு வாக்கியங்களோடு சேர்க்க என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பையனை எனக்குத் தெரியும். மனு கொடுத்த அன்று தோணியைப் பிடித்துக்கொண்டு, "நைனா, நீர் வத்துது, சீக்கிரம் வா" என்று அப்பனைக் கூப்பிட்டவன். கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை.

பதினாறாம் நாள் கழிந்ததும் ஒரு தாளில் நாட்டார் அன்று நின்றுகொண்டு சொன்னதை அப்படியே எழுதினேன். ஏழு வரிகள்தான் வந்தன. கீழே, முன் மனுவைக் கெடுத்தவன் நான், பகையால் கெடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். துரை இருக்கும்போது அதைத் துபாசியின் கையில் கொடுத்து, முழுவதும் படிக்கும்படி சொன்னேன். புரட்டிவிட அதில் இடம் இல்லை. படித்து முடித்தபோது துபாசி என்னைப் பார்க்கவில்லை. அன்று மாலையே எனக்கு வேலை போயிற்று. கொடுத்த குத்தகையை நடு ஆண்டில் பறிக்க முடியாது என்றும், அடுத்த சீட்டு நாளிலிருந்து மொகவாய் பழையபடி ஊருக்கே என்றும் துரை உத்தரவிட்டார்.

மறுநாள் பசியாவரத்துக்குப் போனேன். நாட்டார் வலை கோத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். துபாசியின் வழக்கத்தையும், மூன்றாம் தாளையும், எழுதும்போது எனக்கு இருந்த இன்பத்தையும் சொன்னேன். அவர் கை ஊசியை நிறுத்தவில்லை. பின்னால் அவருடைய மருமகள் சுவரில் சாய்ந்து நின்றாள். அவர் எழுந்து என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும்.

கண்ணி ஒன்றைக் கோத்து முடித்துவிட்டு, "அந்த மொத காயிதம் கீதா?" என்றார்.

நகல் என் மடியில் இருந்தது. வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோத்துக்கொண்டிருந்த கயிற்றில் ஒரு துண்டு அறுத்து அதைக் கட்டி என்னிடமே கொடுத்தார்.

"கடாசிடாத. சீட்டுப் போடற அன்னிக்கி வா. ஊரு கேக்கட்டும்."

அதுவரை அவர் என்னிடம் ஒருமையில் பேசியதில்லை.

அந்த ஆண்டு அம்மன் கோயில் முன்னால், பானையைக் குலுக்குவதற்கு முன், எல்லாரும் உட்கார்ந்திருக்க, நான்கு தாளையும் படித்தேன். வெயில் தலைக்கு மேல் இருந்தது. யாராவது சிரிப்பார்கள் என்று ஏங்கினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தாள் முடிந்ததும் நாட்டார் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"எங்க பாடு வந்துச்சா?"

"இன்னும் வரவில்லை நாட்டாரே." மூன்றாம் தாளில் நான் கரைத்திருந்தது யார் காதிலும் விழவில்லை; அதற்கும் அதே பதில்தான்.

முடிந்ததும், "வர்ற வருசமும் வா" என்றார். போனேன். அதற்கு அடுத்த ஆண்டும் போனேன். அவர் என்னை மன்னிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் அந்த மணலில் நின்று, முத்துக்குடை, ஆதிசேடன், மலையொடு மலை என்று நான் பெருமைப்பட்ட ஒவ்வொரு சொல்லையும் அந்த முகங்களுக்கு நேராக உச்சரித்தேன். அதற்குப் பிறகு நான் கதை எதுவும் எழுதவில்லை. வீட்டில் இருந்த ஓலைகளை ஏரியில் விட்டுவிட்டேன். காட்டூரில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தேன். நாட்டார் இறந்த ஆண்டு, இனி யாரும் அழைக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அவர் மருமகள் தோணி அனுப்பியிருந்தாள். அன்றிலிருந்து கேள்வியை அவள் கேட்கிறாள்.

இந்த ஆண்டும் போன மாதம் போய்வந்தேன். கண் மங்கிவிட்டது. எழுத்து நிழல்போலத்தான் தெரிகிறது. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மனப்பாடமாகவே சொன்னேன். மூன்றாம் தாளில் மூச்சு வாங்கியது. சுருக்கமாக முடித்துவிடலாம் என்று அலையின் ஓசையை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போனேன்.

"கொஞ்சம் தாண்டிட்டீங்க" என்றாள் அவள்.

நிறுத்தினேன்.

"நுரைக்கு அப்பால முயக்கம் வரணும். மலையொடு மலை மோதினாற்போல் முழங்கி. அத்த வுட்டுட்டீங்க."

அவளுக்கு ஓரெழுத்தும் படிக்கத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்திலிருந்து அவளே சொல்லத் தொடங்கினாள். என் சொற்கள்தான், ஒன்றும் பிசகாமல், நான் எங்கே இழுப்பேனோ அங்கே இழுத்து, கடைசித் தாளின் திருவுளம்வரை சொன்னாள். இத்தனை ஆண்டுகளில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அடுத்த வருசம் கண்ணு தெரியலன்னு வராம இருந்துடாதீங்க. காயிதத்த எடுத்துக்கினு வந்து குந்துங்க. படிக்கறத நான் படிக்கறேன். எங்க பாடு வந்துச்சான்னு நான் கேக்கும்போது பதிலு மட்டும் நீங்க சொன்னா போதும்."

பானையைக் குலுக்கினார்கள். முதல் கிளிஞ்சல் அவள் வீட்டுக்கு வந்தது. நான் தாள்களை மடித்து அந்தக் கயிற்றால் கட்டிக்கொண்டு தோணியில் ஏறினேன்.