அரசி அக்காவும் அந்த ரெண்டு உழுவையும்

காக்த்வீப் படகுத்துறைச் சுவர்ல சுறாப் படமும் பேரும் எழுத அனுமதி வந்துடுச்சு, இதை அரசி அக்காகிட்டதான் முதல்ல சொல்லணும்னு ஓடிப்போய் போன் பண்ணா, அவங்க தம்பி எடுத்து, அக்கா காலையில தவறிப் போயிட்டாங்கப்பான்னு சொல்றார்.

நம்ம குரூப்ல பாதிப் பேருக்கு அக்காவைத் தெரியும். புதுசா சேர்ந்தவங்களுக்காகச் சொல்றேன். மங்கையர்க்கரசி, இங்க கொல்கத்தால அலிப்பூர்ல ஒரு சர்க்கார் ஆபீஸ்ல ஸ்டெனோ. திருநெல்வேலிச் சைவக் குடும்பம், மீன் வாசனையே ஆகாது. பழைய பாட்டெல்லாம் மனப்பாடம். நான் அவங்க ஃபேன். எனக்குப் பெங்காலி வர்ற அளவுக்குத் தமிழ் வராது. அவங்க மெயிலைப் படிக்கணும்னே சைபர் கஃபேல உக்காந்து ஃபாண்ட் இறக்கி, எழுத்துக் கூட்டி, டைப் அடிக்கவும் நானாவே கத்துக்கிட்டேன்.

உழுவை மெயில் ஞாபகம் இருக்கா? சில சுறா வகைகளைப் பிடிக்கக் கூடாதுன்னு சட்டம் வந்த புதுசு. கன்னியாகுமரிப் பக்கத்துப் படகு ஒண்ணு இங்க கங்கை முகத்துவாரத்துல மாட்டிக்கிச்சு. ஆளுங்களை அலிப்பூர்ல வன ஆபீஸுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. கேஸ் ஆனா ஜெயில், படகும் போயிடும். அவங்களுக்குப் பெங்காலி தெரியாது, ஆபீசருக்குத் தமிழ் தெரியாது. லேக் மார்க்கெட்ல கறிவேப்பிலை வாங்கிட்டிருந்த அக்காவை, விஷயம் கேள்விப்பட்ட கடைக்காரர் கையோட அனுப்பி வெச்சார்.

வலையில என்ன இருந்துச்சுன்னு ஆபீசர் கேட்டார். படகு ஓட்டி அந்தோணி, "ரெண்டு உழுவையாக்கும்" அப்படின்னார். அக்கா படிச்ச பாட்டுல உழுவைன்னா புலி. பெங்காலில, "ரெண்டு புலி"ன்னு சொல்லிட்டாங்க.

சுந்தரவனத்துப் புலி நீந்தும். அதனால யாரும் சிரிக்கல. ஆபீசர் டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

அந்தோணிக்குக் கொஞ்சம் இந்தி தெரியும், ரெண்டு பாஷையிலயும் புலிக்குப் பேர் பாக்தான். "யக்கா, பாக்னா புலியில்லா? எந்தப் புலியச் சொல்லுதிய?"

"நீங்கதானே தம்பி சொன்னீங்க, உழுவைன்னு."

"எங்க ஊருல அது மீனுக்கா. சுறா கூட்டத்துல ஒண்ணு. புலியப் புடிச்சா நாங்க எப்படிக்கா திரும்பி வருவோம்?"

அக்கா ஆபீசர் பக்கம் திரும்பி, தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு மெயில்ல எழுதினாங்க: "படிச்ச தமிழ் வேற, பிடிச்ச தமிழ் வேற. இனிமே கேட்டுட்டுத்தான் பேசுவேன்."

ஆபீசர் சிரிச்சு முடிச்சுட்டுப் படம் போட்ட தாளை எடுத்து நீட்டினார். அந்தோணி விரல் வெச்ச படம், தடை போட்ட மீன்தான். ஆனா கீழ எழுதியிருந்த பேர் அவர் ஊர்ல யாருக்கும் தெரியாத பேர். "பேரே தெரியாம எதைக்கா விடச் சொல்லுதிய?" ஆபீசருக்கும் அது நியாயமாத் தோணியிருக்கு. எச்சரிச்சு அனுப்பிட்டார். அக்கா மட்டும் அதை விடல, தடை போட்ட மீன் பேரையெல்லாம் அவங்கவங்க பாஷையில எழுதி வைக்கணும்னு கிளம்பிட்டாங்க.

அதுக்காக மீனவங்களைக் கூட்டின காக்த்வீப் படகுத்துறைக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். இலிஷ் மீன் வருஷா வருஷம் குறையுதுன்னு எல்லாருக்கும் ஆத்திரம். நிமாய்தான்னு ஒரு மீனவர், இங்க 'தா'ன்னா அண்ணன், எழுந்து அக்காவை மாஷிமா, அதாவது பெரியம்மான்னு கூப்பிட்டுக் கேட்டார். "சுறா எங்க மீனைத் தின்னுது, வலையைக் கிழிக்குது. அதுக்குக் காவல் போடுறீங்க. எங்களுக்கு யாரு காவல்? மாஷிமா, நீங்க மீனே தின்னாதவங்க. உங்களுக்கு என்ன தெரியும்?"

"அதனாலதான் நீ என்னை நம்பலாம். உன் பங்கையும் தின்ன மாட்டேன், சுறா பங்கையும் தின்ன மாட்டேன்."

கூட்டமே சிரிச்சுது. நிமாய்தா மட்டும் சிரிக்கல. சுறா மீன் தின்னறது உண்மைதான்னு அக்காவும் ஒத்துக்கிட்டாங்க. அப்புறம், சுறாவும்தானே கொறைஞ்சு போச்சு, உங்க வலையில மீன் கூடுச்சான்னு கேட்டாங்க.  நிமாய்தாவே, "அப்படின்னா கோக்கா இலிஷையும் எழுதுங்க" அப்படின்னார். கோக்கான்னா சின்னப் பையன், குட்டி இலிஷுக்கு இங்க அதுதான் பேர். சின்னக்கண் வலையில குட்டியை அள்ளுறது தாங்களேதான்னு அங்க எல்லாருக்கும் தெரியும். சுவர்ல எழுதணும்ங்கிறது அன்னைக்குதான் முடிவாச்சு: படம், பக்கத்துல பெங்காலி, தமிழ், தெலுங்குப் பேர், எல்லாத்துக்கும் கீழ குட்டி இலிஷ்.

போன மழைக்காலத்துல நிமாய்தா அக்காவுக்குப் போன் பண்ணார். "மாஷிமா, சுறா ஒண்ணு உயிரோட மாட்டிச்சு. வலையை அறுத்து விட்டுட்டேன். இப்போ யாரையாவது திட்டணும் போல இருக்கு, அதான் கூப்பிட்டேன்."

"திட்டு, கேக்கறேன்."

அவர் திட்டி முடிக்கிற வரைக்கும் காதுல வெச்சுக்கிட்டு உம் கொட்டினாங்களாம். இதை அக்கா எனக்குச் சொன்னப்போ அவங்க முகத்துல இருந்த சந்தோஷத்தை நான் வேற எதுக்கும் பார்த்ததில்ல.

சுவர்ல எழுத வேண்டிய பட்டியல்ல தமிழ்ப் பேர் இடம் பாதி காலியா இருக்கு. ஒரே மீனுக்கு ஊருக்கு ஒரு பேர். புத்தகத்தைப் பார்த்து நிரப்பிடலாமேன்னு நான் ஒருதரம் அக்காகிட்ட சொன்னேன். "அதுல ஒரு தப்புப் பேர் இருந்தா, அந்த மீனும் சாகும், அதைப் பிடிச்சவனும் ஜெயிலுக்குப் போவான். உனக்குச் சம்மதமா?" அப்படின்னாங்க. அவங்ககிட்ட இருந்து நான் எடுத்து வெச்சுக்கிறது இந்தக் கேள்வியைத்தான். தெரிஞ்ச மாதிரி ஒரு வார்த்தை வாயில வந்தா, இப்போ நானும் நிறுத்திட்டு, உங்க ஊர்ல இதுக்கு என்ன பேருங்கன்னு கேக்கறேன்.

உங்களையும் கேக்கறேன். இதைத் தூத்துக்குடி, நாகை, கடலூர், குளச்சல்னு கடற்கரையில யார் இருந்தாலும் அவங்களுக்கு அனுப்புங்க. மீன் பேரும், எந்த ஊர்ப் பேருங்கிறதும் எனக்குப் பதில் போடுங்க. கொல்கத்தால இருக்கிறவங்க ஞாயித்துக்கிழமை காலையில லேக் மார்க்கெட்டுக்கு வாங்க, அங்கேருந்து சேர்ந்து போய்ச் சுவருக்கு வெள்ளை அடிப்போம். சொல்ற பேர் தப்பா இருந்துடுமோன்னு தயங்காதீங்க. எழுதறதுக்கு முன்னாடி படகுத்துறையில எல்லா ஊர் ஆளுங்களுக்கும் படிச்சுக் காட்டப் போறேன், தப்பிருந்தா அக்காவுக்குப் பதிலா என்னைத் திட்ட நிமாய்தா வர்றேன்னு சொல்லியிருக்கார்.